கடல் அட்டை அட்டை இல்லை: கரையில் நின்று படித்த விலங்குலகம்

இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம் எனக்கு. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். நீட் இரண்டாவது முறை எழுதித்தான் இடம் கிடைத்தது. இப்போது மருத்துவம் இரண்டாம் ஆண்டு. ஊருக்கு வரும்போதெல்லாம் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அக்கா, விலங்குலகம் பாடத்தை எப்படி மனப்பாடம் பண்றது?"

முதல் முறை நானும் மனப்பாடம்தான் செய்தேன். தொகுதி (விலங்குகளின் பெரும் பிரிவு), சமச்சீர், உடற்குழி, எடுத்துக்காட்டு என்று கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டி, காலையும் மாலையும் ஒப்பித்தேன். அப்படிப் படித்தும் ஒரு மாதிரித் தேர்வில் கடல் அட்டையை, உடம்பு வளையம் வளையமாக இருக்கும் வளைதசைப் புழுக்களோடு பொருத்திவிட்டேன். அட்டை வளைதசைப் புழுதானே, அப்போ கடல் அட்டையும் அதுதான் என்று கை தானாக எழுதிவிட்டது. எங்கள் ஊரில் கடல் அட்டையைப் பார்க்காத பிள்ளை கிடையாது. பல தடவை கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுப் பெயரை நம்பியிருக்கிறேன். அது எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது.

இரண்டாவது முறை படிக்கும்போது, கரைவலை இழுக்கிற நேரத்தில் மாமாவோடு போய் நின்றேன். நல்ல மீனைக் கூடையில் அள்ளிய பிறகு மணலில் கொஞ்சம் கழிவு கிடக்கும். பாடத்தில் உள்ள பாதித் தொகுதிகள் அந்தக் குவியலில்தான் இருந்தன. ஒவ்வொன்றையும் பார்த்து அதே நாலு கேள்வியைக் கேட்பேன். முதுகெலும்பு உண்டா? உடம்பைப் பாதியாக வெட்டினால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்குமா, அல்லது சக்கரம் போல எப்படி வெட்டினாலும் ஒன்றா? உடம்பில் வளையம் வளையமாகக் கண்டம் உண்டா? ஓடு இருந்தால் வெளியிலா, உள்ளேயா?

சொறிமீன், நட்சத்திரமீன், கணவாய் மீன் என்று மூன்றையும் நாம் மீன் என்கிறோம். மூன்றுக்கும் முதுகெலும்பு இல்லை. சொறி நிடேரியா தொகுதி. அதன் கொட்டும் செல்கள்தான் நம் தோலில் அரிப்பைக் கிளப்புகின்றன. கரையில் செத்துக் கிடந்தாலும் கொட்டும், கையால் தொடாதீர்கள். நட்சத்திரமீன் முட்தோலி. கணவாய் மெல்லுடலி, நத்தைக்கும் சங்குக்கும் சொந்தம். இதை நம்பக் கஷ்டமாக இருந்தால் அம்மா கணவாய் சுத்தம் செய்யும்போது பக்கத்தில் உட்காருங்கள். உள்ளிருந்து வெள்ளையாக ஒரு ஓடு வரும். சங்குக்கு வெளியே இருக்கிற ஓடு இதற்கு உள்ளே போய்விட்டது. பேய்க்கணவாய்க்கு அதுவும் இல்லை, ஆனாலும் அதே தொகுதி.

கடல்குதிரை உருவத்தில் மீன் மாதிரியே இருக்காது. ஆனால் செவுள், துடுப்பு, எலும்பு எல்லாம் உண்டு. அது எலும்பு மீன்தான். முட்டையைப் பையில் சுமப்பது ஆண். கடல்குதிரையும் கடல் அட்டையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளவை. வலையில் வந்தால் உயிரோடு கடலில் விடுங்கள், பார்த்துப் படிக்க அந்த ஒரு நிமிடம் போதும்.

சுறா, திருக்கை பற்றிக் கேள்வி வராத மாதிரித் தேர்வையே நான் பார்த்ததில்லை. ஏலக்கூடத்தில் ஒரு பாரையையும் ஒரு சுறாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாரைக்குச் செவுள்மேல் மூடி இருக்கும். சுறாவுக்கு மூடி கிடையாது, பிளவுகள் வரிசையாக வெளியே தெரியும். வெட்டினால் எலும்புக்குப் பதில் குருத்தெலும்பு. காற்றுப்பை இல்லாததால் நீந்தாமல் இருந்தால் அமிழ்ந்துவிடும். இந்த மூன்றையும் ஒருமுறை கண்ணால் பார்த்த பிள்ளைக்குக் குருத்தெலும்பு மீன் என்ற பிரிவு ஆயுளுக்கும் மறக்காது.

சரி, கடல் அட்டைக்கு வருவோம். அதன் உடம்பில் வளையங்கள் இல்லை. மென்மையாக இருந்தாலும் தோலுக்குள் சுண்ணாம்புத் துணுக்குகள் உண்டு, நீரால் இயங்கும் குழாய்க்கால்கள் உண்டு. அதனால் அது நட்சத்திரமீனின் பங்காளி. முட்தோலிகளில் முதிர்ந்த உயிர் ஆரச்சமச்சீர், இளவுயிரி இருபக்கச் சமச்சீர். இந்த இடத்தில்தான் வினாத்தாள் நம்மை மடக்கும், அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

படகின் அடியில் கொத்தாக ஒட்டிக் கையைக் கிழிக்கும் பார்னக்கிளும் ஒரு பொறிதான். ஓட்டைப் பார்த்துச் சிப்பி என்று நினைத்திருந்தேன். அது நண்டு, இறால் இனம், கணுக்காலி.

குருசடைத் தீவைப் பற்றி நம் பிள்ளைகளுக்கே தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம். பாம்பன் பாலத்திலிருந்து பார்க்கிற தூரத்தில் இருக்கிறது. அங்கே மணலுக்குள் பலனோகுளோசஸ் என்ற புழு வாழ்கிறது. அரைநாணி என்று பாடத்தில் அரைப் பக்கத்தில் முடித்துவிடுவார்கள். அதன் வாய்ப்பகுதியில் உள்ள ஒரு சிறு தண்டை முதலில் முதுகுநாண் (முதுகுப் பக்கம் உடலைத் தாங்கும் தண்டு) என்று எடுத்துக்கொண்டதால் முதுகுநாணிகளோடு சேர்த்தார்கள். பிறகு அது உண்மையான முதுகுநாண் இல்லை என்று தெரிந்து தனித் தொகுதியாகப் பிரித்தார்கள். புதிதாக ஒன்று தெரியவந்தால் வகைப்பாடும் மாறும் என்பதை எனக்குப் புரியவைத்தது இந்தப் புழுதான். உயிர்களை வகைப்படுத்திப் பெயர் வைத்த லின்னேயஸே திமிங்கிலத்தை முதலில் மீனோடு வைத்திருந்து, 1758ல் வந்த தன் நூலின் பத்தாம் பதிப்பில்தான் பாலூட்டிகளோடு சேர்த்தார். எல்லா உயிர்களையும் பிரித்த விட்டேக்கரின் ஐந்துலகம் 1969, வோஸின் மூன்று பெரும்பிரிவு 1990. இந்த ஆண்டுகளை வரிசையாக எழுதி வைத்தால் போதும், தனியாக நேரம் செலவழிக்க வேண்டாம்.

உயிருள்ளவற்றின் பண்புகள் என்ற பாடத்துக்கு உப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாத்தியில் உப்புப் படிகம் நாளுக்கு நாள் பெரிதாகிறது, ஆனால் வெளியிலிருந்து படிந்துதான். உயிர் உள்ளிருந்து வளர்கிறது. அதனால் வளர்ச்சியை மட்டும் வைத்து உயிர் என்று சொல்ல முடியாது. இனப்பெருக்கமும் அப்படித்தான், வேலைக்காரத் தேனீ முட்டையிட்டு இனம் பெருக்குவதில்லை, ஆனால் அதற்கு உயிர் உண்டு. வளர்சிதை மாற்றமும் செல் அமைப்பும் எல்லா உயிரிலும் உண்டு, உயிரற்றதில் இல்லை. கரையில் பொறுக்குகிற பவளக்கல் வெறும் சுண்ணாம்புக் கூடு. அதைக் கட்டிய சின்னஞ்சிறு பாலிப்புகள்தான் உயிர்.

நீட்டைத் தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. வினாத்தாளில் ஆங்கிலமும் பக்கத்திலேயே இருக்கும், மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி. தொகுதிகளின் ஆங்கிலப் பெயரையும் தெரிந்துவைத்தால் கூடக் குறையப் புரியாத வரியையும் பிடித்துவிடலாம். முதல் முறை நான் இதைச் செய்யவில்லை.

தாவரவியலில் பாசிப் பகுதி எனக்கு வறட்சியாக இருந்தது. அம்மா பாசி எடுக்கப் போகிறவர். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து ஒரு பக்கம், கட்டக்கோரை, பக்கோடா பாசி இன்னொரு பக்கம் என்று பிரித்துத்தான் காயவைப்பார். கலந்தால் வியாபாரி எடுக்க மாட்டார். முதல் இரண்டும் அகர் என்ற கூழ்ப்பொருளுக்கு, அடுத்த இரண்டும் ஆல்ஜின் என்ற கூழ்ப்பொருளுக்கு. ஒருநாள் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். முதல் இரண்டும் சிவப்புப் பாசி, அடுத்த இரண்டும் பழுப்புப் பாசி! கஞ்சிப்பாசி கண்ணுக்கு அவ்வளவு சிவப்பாகத் தெரியாது, ஆனால் உள்ளே பைகோஎரித்ரின் நிறமி இருக்கிறது. பழுப்பில் ஃபியூகோசாந்தின். அம்மாவிடம் சொன்னபோது, "அப்போ உன் புத்தகமும் சரியாத்தான் போட்டிருக்கு" என்றார்.

அப்புறம் கடல்தாழையைப் பாசியோடு சேர்த்துவிடாதீர்கள். ஆவுளியா (கடல் பசு) மேய்கிற அந்தப் புல்லை மெதுவாக விலக்கிப் பாருங்கள், மண்ணில் வேர் இருக்கும், பருவத்தில் பூவும் பூக்கும். அது பூக்கும் தாவரம், ஒருவித்திலை (விதையில் ஒரே வித்திலை உள்ள வகை).