உப்புத் தண்ணீரும் முண்டு மிளகாயும்: ஐந்து வாரக் குறிப்பு

உச்சிப்புளிப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கிணறு சித்திரையில் கரிக்கத் தொடங்கிவிடும். மிளகாய்க்கும் அந்தத் தண்ணீர்தான். உப்பு பட்டதும் செடிக்குள் ஆபத்துச் செய்தியைக் கொண்டு ஓடுவது கால்சியம் என்று படித்திருந்தேன். அப்படியானால் ஜிப்சம் வழியாகக் கால்சியத்தைக் கூட்டிக் கொடுத்தால் செய்தி இன்னும் உரக்கக் கேட்கும் என்று கணக்குப் போட்டேன். கணக்குத் தப்பு. அது புரிய ஐந்து வாரம் ஆனது.

ஒரே நாற்றங்காலில் பிடுங்கிய கன்றுகள், பன்னிரண்டு பைகள். நான்குக்கு மழைநீர்த் தொட்டித் தண்ணீர். நான்குக்கு ஒன்பது பங்கு மழைநீரில் ஒரு பங்கு கடல்நீர். மீதி நான்குக்கு அதே உப்புநீரில் லிட்டருக்கு 1 கிராம் ஜிப்சம். ஜிப்சம் லேசில் கரையாது, முந்தின இரவே வாளியில் போட்டுக் கலக்கி வைக்க வேண்டும்.

அம்மா கேட்டார்: "கடல் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இல்லையா? பிறகு சங்கும் சிப்பியும் எதை வைத்து ஓடு கட்டுகின்றன?" நல்ல கேள்வி. லிட்டர் கடல்நீரில் கால்சியம் சுமார் 0.4 கிராம் இருக்கிறது. ஆனால் சோடியம் 10.8 கிராம், அதாவது 27 மடங்கு. ஜிப்சம் கலந்த வாளியில் அது நான்கு மடங்காகக் குறைகிறது.

முதல் நாள் நல்ல உச்சிவெயிலில் ஊற்றித் தொலைத்தேன். ஒரு மணி நேரத்தில் எட்டுப் பைகளும் துவண்டன, ஜிப்சம் பைகளும் சேர்த்து. உப்பின் முதல் அடி தாகம்தான். வேரால் தண்ணீரை இழுக்க முடிவதில்லை. அதற்கு ஜிப்சம் மருந்தில்லை. நல்ல தண்ணீரால் அலசிவிட்டு, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் கூட்டினேன்.

இருபதாம் நாள் வித்தியாசம் தெரிந்தது. வெறும் உப்புநீர்ப் பைகளில் அடியிலைகளின் ஓரம் கருகியிருந்தது. ஜிப்சம் பைகளில் மூன்று பச்சையாக நின்றன. நான்காவதில் வடிகால் துளை அடைத்துக்கொண்டிருந்தது, அது என் பிழை.

அப்போதுதான் மறுபடி படித்தேன். செல்லின் சாற்றில் கால்சியம் மிக மிகக் குறைவு; வெளியேயும் செல்லின் நீர்ப்பைக்குள்ளும் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு. உப்பு பட்டதும் கதவுகள் திறந்து கொஞ்சம் உள்ளே பாய்கிறது, உடனே வெளியேற்றப்படுகிறது. அந்த ஏற்ற இறக்கம்தான் செய்தி. அரபிடாப்சிஸ் என்ற கடுகினச் செடியின் வேரில் அந்த அலை நொடிக்குச் சுமார் 0.4 மில்லிமீட்டர் ஓடியதை அளந்திருக்கிறார்கள். அலை வந்ததும் எஸ்ஓஎஸ்3 என்ற புரதம் கால்சியத்தைப் பிடித்து எஸ்ஓஎஸ்2-ஐ எழுப்புகிறது. அது எஸ்ஓஎஸ்1 என்ற பம்பை முடுக்க, சோடியம் வெளியே தள்ளப்படுகிறது. இத்தனைக்கும் செடியிடம் இருக்கும் இருப்பே போதும், என் கரண்டி தேவையில்லை. ஜிப்சம் வேலை செய்வது வேருக்கு வெளியே: வேர்ச் சவ்வில் சோடியம் நுழையும் வழிகளை அடைக்கிறது, மண்துகளில் ஒட்டிய சோடியத்தைப் பெயர்க்கிறது. மணி அடிப்பவன் என்று நினைத்தேன், அது வாசற்காவல்.

அந்த அலையை வீட்டில் பார்க்க வழியில்லை. 1991-இல் ஒளிரும் சொறிமீனின் ஏகோரின் புரதத்தைப் புகையிலைக்குள் வைத்து, தொட்டாலும் குளிர்ந்தாலும் செடி மினுங்குவதைக் கண்டார்கள். பாம்பன் கரையில் சொறிமீன் ஒதுங்கினால் காலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற எனக்கு இது வேடிக்கையாக இருந்தது.

நடுவில் ஒரு கிறுக்குத்தனம்: இரண்டு உதிரிக் கன்றுகளுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு போட்டேன். அதுவும் கால்சியம்தானே! காரம் ஏறி இளந்தளிர் வெளுத்துவிட்டது.

முப்பத்தைந்தாம் நாள்: ஜிப்சம் பைகள் மழைநீர்ப் பைகளைவிடக் குட்டை, ஆனால் பூத்துவிட்டன. வெறும் உப்புநீரில் ஒன்றுதான் மொட்டு விட்டது. ஜிப்சம் பையின் முதல் காயிலேயே நுனி கறுத்திருக்கிறது. கால்சியம் நீரோட்டத்தோடு இலைக்குப் போய்விடுகிறது, காய்க்கு எட்டுவதில்லை. நேற்றிலிருந்து அதே அளவு தண்ணீரைக் காலையும் மாலையுமாகப் பிரித்து ஊற்றுகிறேன்.