ஆறு தேக்குக்கு பாஸ் கேட்டுப் போய், லஞ்ச வழக்கில் சாட்சியான கதை

குமரி மாவட்டத்தின் மலையோரத்தில் எங்களுக்கு ஒரு விளை (தோட்டம்) உண்டு. பட்டா அம்மா பெயரில். அதில் அப்பா நட்ட ஆறு தேக்கை வெட்டி, கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு நிலையும் கதவும் செய்யலாம் என்று முடிவு செய்தோம். கணவர் வளைகுடாவில் இருப்பதால் அலைச்சல் எல்லாம் என் பொறுப்பு.

சொந்த நிலத்து மரம்தானே என்று தேக்கை வெட்டி வண்டியில் ஏற்றிவிட முடியாது. மரம் கொண்டுபோவதற்கென்று தமிழ்நாட்டில் 1968 முதலே தனி விதிகள் உண்டு. எந்த நிலத்து மரம், எங்கே போகிறது, எத்தனை தடி, என்ன அளவு என்று வனத்துறை எழுதிக் கொடுக்கும் பாஸ் வேண்டும். தடியில் சுத்தியல் முத்திரையும் விழ வேண்டும். சிட்டா, அடங்கல், புலப்பட நகல், மரங்களின் சுற்றளவுப் பட்டியல் எல்லாம் சேர்த்து மனு கொடுத்தேன். நகலில் சீல் போட்டுத் தேதி எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். மனு கொடுக்கும் யாரும் இதை மட்டும் விடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பார்வையிட வந்த வனவர் டேப் பிடித்து ஒவ்வொரு மரமாக அளந்தார், குறிப்பு எழுதிக்கொண்டார். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தார்.

"ஆறுன்னு எழுதியிருக்கிய டீச்சர். பத்துன்னு போட்டுத் தாரேன். மிச்சம் நாலுக்குள்ள பாஸை ஒரு தடி வியாபாரி எடுத்துக்கிடுவாரு. உங்களுக்குச் செலவே இல்லை."

இல்லாத நாலு மரத்துக்கு எதற்கு பாஸ் என்று கேட்டேன். பதில் இல்லை. "அப்படின்னா எட்டாயிரம் ஆகும்" என்றார்.

எட்டாயிரத்தைவிட அந்த நாலு மரம்தான் என்னை உறுத்தியது. எங்கள் விளையில் இல்லாத நாலு தேக்கு எங்கிருந்து வரும்? மேலே காப்புக்காடு இருக்கிறது. இந்த மாவட்டக் காட்டின் பெரும்பகுதி 2008-இல் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வெட்டிய தடி, என் அம்மா பெயரில் உள்ள பாஸோடு, அசல் முத்திரையோடு கீழே இறங்கும். செக்போஸ்டில் நிறுத்திப் பார்த்தாலும் தாளில் ஒரு குறையும் இருக்காது. மரக்கடத்தல் என்றால் இருட்டில் ஓடும் லாரி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பட்டப்பகலில், சரியான காகிதத்தோடும் போகலாம் என்று அன்றுதான் புரிந்தது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் விளையில் பாதி மரம் சாய்ந்தபோது, விழுந்த மரத்தை அப்புறப்படுத்தவும் அப்பா கைமடக்கு கொடுத்தார். அந்த வருத்தத்தைக் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கொடுக்கப்போவதில்லை என்று முடிவு செய்து, 2019-இல் நாகர்கோவிலில் உள்ள லஞ்ச ஒழிப்புத் துறை அலுவலகத்துக்குப் போனேன்.

எனக்கு இருந்த முதல் பயம், கொடுத்தால் நானும் குற்றவாளியா என்பது. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம்தான். ஆனால் முன்கூட்டியே புகார் சொல்லிவிட்டு அவர்கள் ஏற்பாட்டில் கொடுத்தால் குற்றமில்லை. கட்டாயப்படுத்தி ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள் என்றாலும் 7 நாளுக்குள் புகார் செய்தால் பாதுகாப்பு உண்டு. இதைத் தெரியாமல்தான் நிறையப் பேர் வாயைத் திறப்பதில்லை.

பணம் நான்தான் கொண்டுபோனேன். (பிறகு திரும்பக் கிடைத்தது.) நோட்டு எண்களை எழுதிக்கொண்டு, பினாப்தலீன் பொடி தடவினார்கள். வேறு துறைகளிலிருந்து சாட்சிக்கு வந்திருந்த அரசு ஊழியர்களில் ஒருவர் அந்த நோட்டுகளை எண்ணிவிட்டு, சோடியம் கார்பனேட் கரைசலில் விரலை நனைத்தார். தண்ணீர் போலிருந்தது அப்படியே ரோஜா நிறமாக மாறியது. அந்த நோட்டைத் தொட்டவர் கையை இப்படித்தான் கண்டுபிடிப்பார்கள். இன்னொரு சாட்சி, ஒரு பெண் ஊழியர், என் சித்தி மகள் என்று சொல்லிக்கொண்டு கூடவே வந்தார். இன்ஸ்பெக்டர் எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "அவராகக் கேட்டால் மட்டும் கொடுங்கள். நீங்களாக நீட்டாதீர்கள்."

"கொண்டு வந்தியளா டீச்சர்?" என்று வனவர் கேட்டார்.

"எதை சார்?"

"அன்னைக்கு சொன்னதுதான், எட்டு."

கொடுத்தேன். எண்ணிப் பார்த்து மேஜை டிராயரில் வைத்தார். வெளியே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். அதுதான் சைகை.

கைது, சஸ்பென்ஷன் எல்லாம் சீக்கிரம் நடந்தது. எனக்கான பாஸும் வேறொரு அதிகாரி மூலம், ஆறு மரத்துக்கு மட்டும், முறையாக வந்தது. வழக்குதான் இழுத்தது. ஆய்வக அறிக்கை, அரசு ஊழியர் மீது வழக்குத் தொடர மேலிட அனுமதி, குற்றப்பத்திரிகை என்று வருடங்கள் போயின. இரண்டு வருடத்தில் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறை வேறு.

இந்த இடைவெளியில்தான் வனவர் தரப்பில் ஆள் விட ஆரம்பித்தார்கள். அவருக்கும் பிள்ளைகள் உண்டே என்றார்கள். சரியாக ஞாபகம் இல்லை என்று கோர்ட்டில் சொன்னால் போதும் என்று சொந்தக்கார மாமா ஒருவரே வந்து சொன்னார். புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சியானாலும் (கோர்ட்டில் மாற்றிச் சொன்னாலும்), மற்ற ஆதாரங்களால் லஞ்சம் கேட்டது நிரூபணமானால் தண்டிக்கலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2022 டிசம்பரில் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அதை மாமாவிடம் சொன்னேன். அந்தத் தீர்ப்பு வராதிருந்தாலும் நான் மாற்றிச் சொல்லியிருக்க மாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

குறுக்கு விசாரணைதான் கடினம். கையில் பணம் இருந்ததை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது, கேட்டார் என்பது நிரூபணமாக வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல், நான் அனுமதியில்லாமல் ஒரு தேக்கை வெட்டிவிட்டதாகவும், அதற்கான அபராதத்தைத்தான் வனவர் வாங்கினார் என்றும் சொன்னார். அபராதம் என்றால் வழக்குப் பதிவு எங்கே, ரசீது எங்கே என்று அரசு வக்கீல் கேட்டார். அதோடு, சீல் போட்ட என் மனு நகலையும், வனவர் கைப்பட எழுதிய பார்வைக் குறிப்பையும் எடுத்து வைத்தார். இரண்டிலும் ஆறு மரம், ஒரே அளவுகள். மரம் வெட்டிய கதை அங்கேயே நின்றுவிட்டது. கூட வந்த பெண் சாட்சியும் "எட்டு" என்ற சொல் மாறாமல் சொன்னார்.

தண்டனை கிடைத்தது. அரசு ஊழியர் லஞ்சம் வாங்கிய குற்றத்துக்குக் குறைந்தபட்சமே 3 ஆண்டு சிறை. வனவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்திருக்கிறார், நிலுவையில் இருக்கிறது.

தடி வியாபாரி பற்றி என் புகாரிலேயே எழுதியிருந்தேன். ஆனால் அதற்கு என் வாய்மொழியைத் தவிர ஆதாரம் இல்லாததால் இந்த வழக்குக்குள் அது வரவில்லை. பாஸில் பத்து மரம் என்றிருந்தால் அந்த நிலத்தில் பத்து அடிக்கட்டை இருக்க வேண்டும். போய் எண்ணினாலே தெரிந்துவிடும். எங்கள் கிராமத்துப் பட்டா நிலங்களுக்குக் கொடுத்த தேக்கு பாஸ்களின் நகல்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். பாதிதான் வந்தது. மீதிக்கு முதல் மேல்முறையீடு போட்டிருக்கிறேன்.