ஒரு சொல்லுக்கு இரண்டு நாள்

கடிதம் நாலு பக்கம். மற்றதெல்லாம் ஒரு பின்னேரத்தில் முடிந்துவிட்டது. ஒரு சொல்லில் மட்டும் இரண்டு நாள் நின்றேன்: மிஸ்அட்வென்ச்சர்.

லண்டனில் எங்கட ஆக்களுக்கு வரும் கடிதங்களைத் தமிழாக்கிக் கொடுப்பது என் வேலை. வைத்தியசாலைக் கடிதம், நகரசபைக் கடிதம், குடிவரவுக் கடிதம் எல்லாம் கைக்குப் பழகியவை. இது வேறு. வல்வெட்டித்துறையில் இருக்கும் ஒரு அம்மாவின் மகன், படிக்க வந்த பெடியன், ஜூலை மாத வெயிலில் சிநேகிதர்களோடு லண்டனுக்கு வெளியே ஒரு நீர்த்தேக்கத்துக்குப் போயிருக்கிறான். குதித்தவன் மேலே வரவில்லை. கொரோனர், அதாவது திடீர் மரணங்களை விசாரிக்கும் அதிகாரி, மாதக்கணக்கில் நடத்திய விசாரணையின் முடிவுதான் அந்தக் கடிதம்.

என்னிடம் வருவதற்கு முன்பே உறவினர் ஒருவர் அந்தச் சொல்லைப் போனில் தட்டி மொழிபெயர்த்து, அம்மாவுக்கு வாசித்தும் காட்டிவிட்டார். சாகசம் என்று ஏதோ வந்திருக்கிறது. அன்றிரவே அம்மா வட்ஸ்அப்பில் எடுத்தார்.

“என்ன சாகசம் பிள்ளை? என்ர பிள்ளை வித்தை காட்டவே தண்ணிக்குள்ளை குதிச்சவன்?”

எனக்கு உடனே பதில் வரவில்லை.

அட்வென்ச்சர் என்றால் இன்றைக்குச் சாகசம்தான். ஆனால் மிஸ்அட்வென்ச்சர் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த காலத்தில் அதற்குள் மலையேறுவதும் இல்லை, வித்தை காட்டுவதும் இல்லை. அதன் லத்தீன் வேருக்கு ‘வந்து சேர்தல்’ என்றுதான் பொருள். ஒருவருக்கு வந்து சேருவது அட்வென்ச்சர். கெட்டது வந்து சேர்ந்தால் மிஸ்அட்வென்ச்சர். “நேரக்கூடாதது நேர்ந்துபோச்சு” என்று செத்தவீட்டில் நாங்கள் சொல்வோமே, அந்தப் பேச்சு எந்த அகராதியை விடவும் இதற்குக் கிட்ட நிற்கிறது.

இங்கிலாந்து, வேல்ஸ் கொரோனர்களின் பதிவுப் படிவத்தில் ‘விபத்து அல்லது மிஸ்அட்வென்ச்சர்’ என்று இரண்டும் ஒரே வரியில்தான் இருக்கின்றன. பிரித்துப் பார்க்கத் தேவையில்லை என்று சொல்லும் சட்டக்காரர்களும் உண்டு. வழக்கத்தில் ஒரு வேறுபாடு இருக்கிறது. தெருவில் போனவரின் தலையில் ஓடு விழுந்தால் அது விபத்து. ஒருவர் தெரிந்தே, விரும்பியே செய்த காரியம் எதிர்பாராத விதமாகச் சாவில் முடிந்தால் மிஸ்அட்வென்ச்சர். பாடகி ஏமி வைன்ஹவுஸ் 2011 ஜூலையில் இறந்தபோது 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 416 மில்லிகிராம் மதுசாரம் இருந்தது. வாகனம் ஓட்ட இங்கே உள்ள எல்லை 80. குடித்தது அவர் விருப்பம், இறந்தது அவர் விருப்பமல்ல. கொரோனர் எழுதிய முடிவு மிஸ்அட்வென்ச்சர். 2013இல் மறுபடி விசாரித்தபோதும் அதே முடிவுதான்.

இதை வைத்து நான் முதலில் எழுதிய வரி: ‘தானாகச் செய்த செயலில் எதிர்பாராமல் நேர்ந்த மரணம்.’ சட்டப்படி பிழையில்லை. அடுத்தநாள் காலை அம்மாவின் காதால் அதை வாசித்துப் பார்த்தேன். ‘தானாகச் செய்த’ என்ற இடத்தில் நெஞ்சு திக்கென்றது. எங்கட ஊரில் ‘தானாச் செய்தது’ என்றால் என்ன விளங்கும்? தூக்கு, மருந்து, கிணறு. அந்தப் படிவத்தில் தற்கொலைக்குத் தனி வரி இருக்கிறது. கொரோனர் அதைத் தொடவில்லை. அவர் விலக்கிய ஒன்றை என் தமிழ் கொண்டுபோய் அந்த வீட்டில் வைத்திருக்கும்.

வெட்டினேன். ‘நீந்துவதற்கென இறங்கியவருக்கு எதிர்பாராமல் நேர்ந்த மரணம்’ என்று எழுதினேன்.

வாசித்துக் காட்டியபோது அம்மா கேட்டார், “அங்கையும் திடீர் மரண விசாரணை அதிகாரி இருக்கிறாரோ?” இருக்கிறார், இலங்கைக்கு அந்த முறையைக் கொண்டுவந்ததே வெள்ளைக்காரர்தான் என்றேன். யார் இறந்தார், எப்போது, எங்கே, எப்படி என்ற நாலு கேள்விக்குத்தான் கொரோனர் பதில் தேடுவார், ஆரிலும் குற்றம் தீர்ப்பது அவர் வேலை இல்லை என்றும் சொன்னேன்.

“அவனுக்கு நீந்தத் தெரியும். கடல்லைதான் வளந்தவன்.”

அதுதான் நடந்தது, அம்மா. வல்வெட்டித்துறைக் கடல் வெதுவெதுப்பாக இருக்கும். இங்கே வெளியே 30 பாகை வெயில் அடித்தாலும் ஆழத்துத் தண்ணீர் குளிர்ந்தே கிடக்கும். 15 பாகைக்குக் கீழான நீரில் திடீரென்று குதித்தால் உடம்பு தன்பாட்டில் மூச்சை உள்ளே இழுக்கும். அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரைத்தான். நீச்சல் தெரிந்தவரையும் அது விடாது.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “எங்கட ஆனந்தனும் அங்கைதானே போனவர்” என்றார். 1971இல் பாக்கு நீரிணையை நீந்திப் போய், நீந்தியே திரும்பியவர் ஆழிக்குமரன் ஆனந்தன். 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்தும்போது இறந்துபோனார். அவரும் வல்வெட்டித்துறைதான். அந்த ஊரில் தெரியாத பிள்ளை இல்லை.

விபத்து என்ற சொல் எல்லா வீட்டுக்கும் ஆறுதல் தராது. ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் 1989இல் நெரிசலில் நசுங்கி இறந்தவர்களுக்கு 1991இல் ‘விபத்து மரணம்’ என்று தீர்ப்பு வந்தது. குடும்பங்கள் அந்தச் சொல்லை ஏற்கவே இல்லை. 2012இல் அது இரத்தானது. 2016இல் இன்னொரு ஜூரி ‘சட்டவிரோதக் கொலை’ என்று சொன்னது. இன்றைக்கு இறந்தோர் எண்ணிக்கை 97. ஒரு சொல்லை மாற்ற அந்தத் தாய் தகப்பன்மார் 25 வருடம் நின்றார்கள். அதனால்தான் இந்தக் கடிதத்தில் மூன்றாம் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நீந்தத் தடை என்று பலகை இருந்ததாம். குளிரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. எனக்கு அது இப்பவும் ஆறவில்லை. அம்மாவுக்கு அதையும் மறைக்காமல் சொன்னேன்.

முடிவைச் சொல்லும் அந்த ஒரு வரியை மட்டும் அவர் இன்னொருக்கால் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“அவன் சாகவெண்டு இறங்கேல்லை. அப்பிடித்தானே எழுதியிருக்கு?”

“ஓம் அம்மா. அப்பிடித்தான்.”

“அப்ப நினைவு மலருக்கு வேற மாதிரி எழுதித் தா பிள்ளை. மரணம் எண்ட சொல்லு வேண்டாம். நீந்தவெண்டு இறங்கினவன், ஏறி வரேல்லை எண்டு எழுது.”

கையொப்பமிட்டுக் கொடுக்கும் மொழிபெயர்ப்பில் அப்படி எழுத முடியாது. நினைவு மலருக்கு அப்படியே எழுதி அனுப்பினேன்.