லெந்து நாட்குறிப்பு: கேட்டலும் கீழ்ப்படிதலும்

மார்ச் 5, 2025, புதன் (சாம்பல் புதன்)

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமாகிய லெந்து இன்று தொடங்குகிறது. அதிகாலை அரைமணி நேரம் கர்த்தருடைய பாதத்தில் காத்திருப்பது என்று இன்று தீர்மானம் எடுத்தவர்கள் பலர் இருப்பார்கள். முதல் வாரத்திலேயே அது தளர்ந்துபோனால், பக்தி குறைவு என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் கோளாறு வரிசையில்தான். தூக்கம் கலையுமுன் முழங்காலில் நின்றால் மனசு பால் பாக்கெட்டுக்கும் பிள்ளையின் ஃபீஸுக்கும் ஓடும். பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்த ஜார்ஜ் முல்லருக்கும் இதே பாடுதான். எழுந்தவுடன் ஜெபிக்கத் தொடங்கினால் கால்மணி, சில வேளை அரைமணிகூட மனதை ஒருமுகப்படுத்துவதிலேயே போனது என்று அவரே எழுதியிருக்கிறார். 1841-இல் அவர் பதிவு செய்த மாற்றம் எளிமையானது: முதலில் வேதம், பிறகு ஜெபம். தியானிக்கிற வசனமே கொஞ்ச நேரத்தில் ஸ்தோத்திரமாகவோ பாவ அறிக்கையாகவோ மன்றாட்டாகவோ மாறிவிடும்.

எட்டு, பத்து வசனம் போதும். ஒரு வருடத்தில் வேதத்தை முடிக்கும் அட்டவணைக்கு வேறு நேரம் வையுங்கள். ஒரு தடவை வாய்விட்டு, மறு தடவை மெதுவாக. அச்சிட்ட வேதாகமம் நல்லது. போன் அடுத்த அறையில் இருக்கட்டும்.

மார்ச் 8, சனி

அந்த அரைமணியின் கடைசிப் பத்து நிமிடம் பேசாமல் இருப்பதுதான் கஷ்டம். அப்போது வருகிற எல்லா நினைப்பும் தேவசத்தம் அல்ல. மறந்துபோன வேலை ஞாபகம் வந்தால் துண்டுச்சீட்டில் ஒரு வார்த்தை எழுதி வைத்துவிடுங்கள். துரத்தினால் திரும்பத் திரும்ப வரும். குற்ற உணர்வு வந்தால் அது எப்படிப்பட்டது என்று பாருங்கள். ஆவியானவர் கண்டித்து உணர்த்தினால் ஆள், நாள், சொன்ன சொல் வரை துல்லியமாக இருக்கும். அறிக்கையிட ஒரு வாசல் திறந்திருக்கும். "நீ எதற்கும் உதவாதவன்" என்று மொத்தமாகக் குத்துவது குற்றஞ்சாட்டுகிறவனாகிய சாத்தானின் பேச்சு. அதை ஜெப நோட்டில் எழுதவே வேண்டாம்.

மார்ச் 14, வெள்ளி

எரேமியா 42, 43. தேவசித்தம் கேட்கிற எவரும் இந்த இரண்டு அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். எருசலேம் பாபிலோனியரிடம் விழுந்தாயிற்று, அவர்கள் வைத்த அதிபதி கெதலியா கொலையுண்டான். மிஞ்சின ஜனங்கள் தீர்க்கதரிசி எரேமியாவிடம் வந்து, நன்மையானாலும் தீமையானாலும் கர்த்தர் சொல்வதற்குக் கீழ்ப்படிவோம் என்கிறார்கள். பத்து நாள் கழித்து வார்த்தை வருகிறது: இந்தத் தேசத்திலே தரித்திருங்கள், எகிப்துக்குப் போகாதிருங்கள். உடனே, "நீ பொய் சொல்லுகிறாய்" என்கிறார்கள். எரேமியாவின் எழுத்தனான பாருக்கின் மேல் பழி போடுகிறார்கள். எரேமியாவையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கே போய்விடுகிறார்கள்.

காரணம் 41-ஆம் அதிகாரக் கடைசியில் இருக்கிறது. கேட்க வந்தபோதே அவர்கள் பெத்லெகேமுக்கு அருகே, எகிப்துக்குப் போகிற வழியில்தான் தங்கியிருந்தார்கள். நாமும் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, சம்பந்தம் பேசி முடித்துவிட்டு, "ஆண்டவரே, உம்முடைய சித்தம் என்ன?" என்று கேட்கிறோம். அது முடித்த காரியத்துக்குக் கையெழுத்துக் கேட்பது.

தேவசித்தத்தை அறிய முல்லர் சொன்ன முதல் படி இதற்குத்தான்: அந்தக் காரியத்தில் சொந்த விருப்பமே இல்லாத நிலைக்கு இருதயம் வர வேண்டும். அதன் பிறகு வேதவசனத்தின் வழியே ஆவியானவரைத் தேடுவது, சூழ்நிலைகளைக் கவனிப்பது, வெளிப்படையாகக் கேட்டு ஜெபிப்பது, நிதானித்து முடிவெடுப்பது. மனதில் சமாதானம் வந்தாலும் உடனே கிளம்பமாட்டார். இன்னும் இரண்டு மூன்று முறை ஜெபித்தும் அது நிலைத்தால்தான். வெறும் உணர்ச்சியை நம்பக்கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தார்.

"இல்லை" என்ற பதில் வந்தால் என்ன செய்வேன் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். பேனா நகரவில்லையென்றால் அன்றைய ஜெபம் அதைப் பற்றியே இருக்கட்டும்.

மார்ச் 22, சனி

புதுவருட ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையை, அதாவது ஒரு வசனம் அச்சிட்ட அட்டையை வைத்தே வருஷம் முழுவதற்கும் முடிவெடுப்பது நம் சபைகளில் சாதாரணம். அட்டை தவறல்ல, அட்டையோடு நிற்பது தவறு. எரேமியா 29:11 ("தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே") வந்திருந்தால் அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எழுதின கடிதம் அது. முந்தின வசனத்தில் 70 வருஷக் காத்திருப்பு. 5 முதல் 7 வரை வீடு கட்டு, தோட்டம் நாட்டு, அந்தப் பட்டணத்துக்காக ஜெபம்பண்ணு என்கிற கட்டளைகள். வாக்குத்தத்தத்தை எடுத்துக்கொள்கிறவர் கட்டளையையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"கர்த்தர் உங்களுக்குச் சொல்லச் சொன்னார்" என்று யாராவது வந்தால் 1 இராஜாக்கள் 13-ஐ வாசியுங்கள். அப்பம் புசியாதே, தண்ணீர் குடியாதே என்று நேரடியாகக் கட்டளை பெற்ற தேவனுடைய மனுஷன், "தூதன் சொன்னான்" என்ற கிழவனான தீர்க்கதரிசியின் பொய்யை நம்பிப் போஜனம் பண்ணினான்; வழியில் சிங்கம் அவனைக் கொன்றது. பிறர் வழியாக வரும் வார்த்தை உறுதிப்படுத்தலாம்; தெளிவாகக் கிடைத்த கட்டளையை மாற்ற முடியாது. அவசரப்படுத்துகிற தீர்க்கதரிசனத்தை, காணிக்கை கேட்டு முடிகிற தீர்க்கதரிசனத்தை, போதகரிடமும் முதிர்ந்த விசுவாசிகள் இரண்டு பேரிடமும் சொல்லி நிதானிக்காமல் ஏற்கவே கூடாது.

ஏப்ரல் 2, புதன்

நோட்டில் இடதுபக்கம் உணர்த்தப்பட்டது, வலதுபக்கம் செய்த தேதி. வலதுபக்கம் காலியாகவே போனால் புது வசனம் தேடாமல் பழைய வரிக்குத் திரும்புங்கள்.

பாதிக் கீழ்ப்படிதல் கண்ணுக்குத் தெரியாது. அமலேக்கியருடைய ஆடுமாடுகளையும் விடாமல் அழிக்கக் கட்டளை பெற்று, நல்லவைகளைத் தப்பவிட்ட சவுல் ராஜா (1 சாமுவேல் 15), "கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன்" என்று மனதார நம்பிச் சொன்னதாகவே தோன்றுகிறது. பின்னால் ஆடுகள் சத்தமிட்டன. இன்றைக்கு அந்தச் சத்தம் மன்னிப்புக் கேட்கும்போது கேட்கும்: "நான் பேசினது தப்புதான் அண்ணே, ஆனா நீங்களும்..." அந்த "ஆனா" வந்த இடத்தில் கீழ்ப்படிதல் நின்றுவிட்டது. முதல் பாதியைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

பண விஷயத்தில் எண்ணாகமம் 5:7, 8 இன்னும் நேரடியானது. அபகரித்ததோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும்: 10,000 ரூபாய்க்கு 12,000. உரியவர் இல்லையென்றால் அவருடைய இனத்தாருக்கு. அவர்களும் இல்லையென்றால் கர்த்தருக்கென்று ஆசாரியனிடம். ஆகவே ஏமாற்றி வாங்கின பணம் மனதில் உறுத்தினால் அதைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுத் தீர்க்க முடியாது. முதலில் அந்தக் குடும்பத்தை விசாரியுங்கள். மகனோ மகளோ எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு, தொகையையும் காரணத்தையும் மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள். மொத்தமாகக் கையில் இல்லையென்றால் தவணையைச் சொல்லி, முதல் தவணையை இந்த மாதமே கொடுங்கள்.