இரண்டு பாயிண்டர்களுக்கும் ஒரே முகவரி

ஒரு வேலையை எப்போது தொடங்கினேன், எப்போது முடித்தேன் என்று குறித்துவைக்கும் சிறிய நிரல் ஒன்றைச் சி மொழியில் எழுதி வருகிறேன். அதற்குக் கணினியின் நேரம் வேண்டும். மூன்று மாலைகள் இதற்கே செலவாயின.

முதல் மாலை டைம் ஃபங்ஷனை அழைத்து, அது தந்ததை அப்படியே அச்சிட்டேன். 17 என்று தொடங்கும் பத்து இலக்க எண் வந்தது. என் லினக்ஸ் கணினியில் அது உலகப் பொது நேரப்படி 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எண்ணி வரும் விநாடிக் கணக்கு. நிரலை மறுபடி ஓட்டினேன். கடைசி இலக்கங்கள் மட்டும் நகர்ந்திருந்தன. வெகுநேரம் அதையே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த எண்ணை லோக்கல்டைம் ஃபங்ஷனிடம் கொடுத்தால் ஆண்டு, மாதம், தேதி எனப் பிரித்துத் தருகிறது. ஆண்டு 125 என்று வந்தது. 1900ஐக் கூட்ட வேண்டும். தேதி 1இலிருந்து தொடங்க, மாதம் 0இலிருந்து தொடங்குகிறது. மாதப் பெயர்களை ஓர் அரேயில், அதாவது 0இலிருந்து எண்ணப்படும் வரிசைப் பட்டியலில் வைத்தால் இந்த எண்ணையே நேராக இட எண்ணாகக் கொடுக்கலாம் என்று தெரிந்தபின் இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்துப்போனது.

இரண்டாம் மாலைதான் சிக்கல். தொடக்க நேரத்தை எடுத்து லோக்கல்டைமுக்கு அனுப்பி, விடையை ஒரு பாயிண்டரில், அதாவது நினைவக முகவரியைத் தாங்கும் மாறியில் வைத்தேன். ஸ்லீப் போட்டு 5 விநாடி காத்திருந்து, முடிவு நேரத்தையும் அதேபோல் இன்னொரு பாயிண்டரில் வைத்தேன். அச்சிட்டால் இரண்டும் 19:42:15. ஸ்லீப் வேலை செய்யவில்லையோ என்று 20 விநாடி வைத்தேன். கண்ணெதிரே 20 விநாடி கழிந்தது. அச்சில் மறுபடியும் இரண்டும் ஒன்றே. ஆனால் டைம் தந்த மூல எண்களைக் கழித்தால் சரியாக 20 வந்தது. ஆகவே நேரம் சரி, அதைப் பிரிக்கும் இடத்தில்தான் கோளாறு.

இரண்டு பாயிண்டர்களின் முகவரிகளையும் அச்சிட்டதும் விளங்கிவிட்டது. எழுத்துக்கு எழுத்து ஒரே முகவரி. லோக்கல்டைம் ஒவ்வொரு முறையும் புது இடம் ஒதுக்குவதில்லை. தன்னிடமுள்ள ஒரே ஸ்ட்ரக்சரில் (ஆண்டு, மாதம், தேதி எல்லாம் சேர்ந்த தொகுப்பில்) எழுதி, அதன் முகவரியைத் தருகிறது. இரண்டாவது அழைப்பு முதல் நேரத்தின் மேலேயே எழுதிவிட்டது. உலகப் பொது நேரமாகப் பிரித்துத் தரும் ஜிஎம்டைமையும் இதனோடு கலந்து அழைத்தால் இதே கதி நேரலாம்.

தீர்வு, முகவரியிலுள்ள மதிப்பை எடுத்துத் தரும் ஒரு நட்சத்திரக் குறிதான். முகவரியை வைத்துக்கொள்ளாமல், அழைத்த உடனே அங்குள்ள மதிப்பை எனக்கென்று அறிவித்த ஸ்ட்ரக்சரில் நகலெடுத்துக்கொண்டேன். லோக்கல்டைம் ஆர் என்ற வடிவத்துக்கு நம்முடைய ஸ்ட்ரக்சரையே கொடுத்துவிடலாம். திரெட்கள், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் பல கிளைகள் உள்ள நிரலில் அதுவே பாதுகாப்பு.

மூன்றாம் மாலை அச்சிடும் வேலை. நேரத்தை எழுத்துச் சரமாக்கித் தரும் சிடைம் எளிதுதான். ஆனால் அது தரும் சரத்தின் கடைசியில் ஒரு புதுவரிக் குறி ஒட்டிக்கொண்டே வருகிறது. என் பதிவு வரி நடுவில் உடைந்தது. நாம் சொல்லும் வடிவில் சரமாக்கும் எஸ்டிஆர்எஃப்டைமுக்கு மாறினேன். தேதியும் நேரமும் எந்த வரிசையில் வேண்டுமோ அந்த வரிசையில் வருகின்றன.

இப்போது கோப்பில் தேதியை எழுத்தாக எழுதுவதில்லை. அந்தப் பத்து இலக்க எண்ணையே எழுதுகிறேன். திரையில் காட்டும்போது மட்டும் தேதியாக்குகிறேன். நள்ளிரவைத் தாண்டி முடிந்த வேலைக்கும் கழித்தல் சரியாகவே வருகிறது.