மைலேஜுக்காகக் காபரேற்றரில் கை வைத்த அனுபவம்

2022இல் இலங்கையில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய் வரை போனதையும், கியூஆர் கோட் காட்டி மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் மட்டும் வாங்கியதையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். உப்புவெளியிலிருந்து சீனக்குடா வழியாகக் கிண்ணியாவுக்கு வேலைக்குப் போய்வரும் எனக்கு அது வாரக் கடைசி வரை காணாது. என் 100 சிசி பைக் லீற்றருக்கு 45 கிலோமீற்றரைத் தாண்டாது. அதனால்தான் காபரேற்றரை (பெற்றோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்) சரிசெய்யப் பழகினேன்.

முதலில் ஒரு கராஜில் கொடுத்தேன். காபரேற்றரின் எயார் ஸ்குரூவைத் திருகி, கலவையை லீனாக்கிக் (பெற்றோல் குறைவு, காற்று அதிகம்) கொடுத்தார்கள். அதன் பிறகு காலையில் சோக் இழுத்தாலும் ஸ்டார்ட் ஆக மறுத்தது, சந்தியில் வேகம் குறைத்தால் நின்றுபோனது. பெற்றோலும் மிச்சமாகவில்லை. காரணம் எளிது. அந்த ஸ்குரூவின் ஆட்சி ஐட்லிங்கிலும் (திரொட்டிலைத் திருகாமல் என்ஜின் ஓடும் நிலை), திரொட்டிலைக் கால்வாசி திருகும் வரையிலும்தான். நேர் ரோட்டில் ஓடும்போது பெற்றோலை அளந்து விடுவது நீடிலும் (திரொட்டிலோடு ஏறி இறங்கும் ஊசி) மெயின் ஜெட்டும் (பெற்றோல் வரும் பித்தளைத் துளை). அளவுக்கு மிஞ்சி லீனாக்கினால் இழுவை குறையும், நாம் இன்னும் முறுக்குவோம், என்ஜினும் கூடுதலாகச் சூடாகும்.

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மெக்கானிக் அண்ணா பார்த்துவிட்டு, "தம்பி, முதல்ல ஃபில்டரைக் கழட்டு. ஸ்குரூ கடைசி வேலை" என்றார். ஃபில்டர் முழுக்கக் கடற்கரை மணல் தூசி. காற்று அடைபட்டால் கலவையில் பெற்றோல்தானே கூடும்? அதை மாற்றினோம். சென்ரர் ஸ்டாண்டில் போட்டுப் பின்சில்லைக் கையால் சுற்றினால் பிரேக் உரசியது, அதையும் தளர்த்தினோம். டயருக்குக் காற்று, செயினுக்கு எண்ணெய், டப்பட் (வால்வு) இடைவெளி என்று எல்லாம் முடிந்த பிறகுதான் காபரேற்றர்.

பெற்றோல் பைப்பை மூடி, காபரேற்றரின் அடிக் கிண்ணத்தை வடித்துக் கழற்றினால் அடியில் தண்ணீரும் வெள்ளைப் பொடியும். ஜெட்களைக் கிளீனர் அடித்து, காற்று ஊதிச் சுத்தம் செய்தோம். கம்பி விட்டுக் குத்தவே கூடாது. பித்தளைத் துளை ஒரு மயிரிழை பெருத்தாலும் அளவு கெட்டுவிடும். உண்மையான குற்றவாளி நீடிலில் இருந்தது. அதைப் பிடித்து நிறுத்தும் கிளிப், நீடிலின் கடைசிக் காடியில் (வெட்டில்) கிடந்தது. கிளிப் கீழே போகப் போக நீடில் உயரும், பெற்றோல் கூடுதலாக ஏறும். முன்பு யாரோ பிக்கப்புக்காகச் செய்திருக்க வேண்டும். நடுக்காடிக்கு மாற்றினோம். (சில பைக்குகளில் ஒரே காடிதான்; அங்கே இந்த வேலையே இல்லை.)

சரி, இனி ஸ்குரூ. அது ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றை அளக்கும்: உள்ளே திருகினால் ரிச் (பெற்றோல் கூடிய கலவை), வெளியே திருகினால் லீன். என்ஜின் பக்கம் இருந்தால் பெற்றோலை அளக்கும், எல்லாம் தலைகீழ். இது தெரியாமல் திருகுவதால்தான் பல பைக்குகள் கெடுகின்றன. என்னுடையது ஃபில்டர் பக்கம். நன்றாக ஓடிச் சூடாக்கி, என்ஜினை நிறுத்தி, ஸ்குரூவை மெதுவாக உள்ளே முட்டும் வரை திருகினேன். இறுக்கினால் நுனி நசியும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கைச் சற்றுக் கூட்டினேன். பிறகு கால் சுற்றாக இரு பக்கமும் திருகி, சத்தம் எங்கே ஆக உயர்ந்து சீராகிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். அந்த இடம்தான் சரியான இடம். அங்கே நிறுத்திவிட்டு ஐட்லிங்கைப் பழையபடி இறக்க வேண்டும். திரொட்டிலை முறுக்கி விடும்போது வேகம் இறங்காமல் தொங்கினால் லீன். சட்டென்று விழுந்து தடுமாறி எழுந்தால் ரிச்.

கொஞ்ச நாள் ஓடிவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். கரிப்பிடித்துக் கறுத்திருந்த முனை இப்போது இளம் மண்ணிறம். வெள்ளையாக இருந்திருந்தால் லீன் என்று பயந்திருப்பேன்.

மைலேஜை ஒரே பெற்றோல் செட்டில், பைக்கை நிமிர்த்தி வைத்து, டாங்கி நிரம்ப அடித்து அளப்பதே நம்பகமானது. கிண்ணியாப் பாலத்தில் எதிர்க்காற்று அடிக்கும் நாட்களில் கணக்குக் குறையும், அதனால் ஒரு டாங்கியை வைத்து முடிவெடுக்காதீர்கள். எனக்கு இப்போது 55க்கு மேல் நிற்கிறது. கடலோரம் ஓடுகிறவர்கள் ஃபில்டரைக் கம்பனிப் புத்தகம் சொல்வதற்கு முன்பே கழற்றிப் பாருங்கள்.