லாகின் பண்ணாதான் வைஃபை வருதா? டிரைவர்ல கைவைக்காதீங்க

லினக்ஸ்ல பூட் ஆகும்போது வைஃபை கனெக்ட் ஆகலன்னா எல்லாரும் முதல்ல நோண்டுறது டிரைவரத்தான். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு பாருங்க, பாஸ்வேர்டு போட்டு டெஸ்க்டாப்புக்குள்ள போனதும் வைஃபை தானா வந்துடுதா? அப்படின்னா டிரைவர், ஃபர்ம்வேர் (வைஃபை சிப்புக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) எல்லாம் நல்லாத்தான் இருக்கு.

இங்க பெங்களூர் ஸ்ரீராம்புரத்துல எங்க சித்தப்பா ஜெராக்ஸ் கடை வச்சிருக்காரு, அங்க ஒரு உபுண்டு டெஸ்க்டாப், யூஎஸ்பி டாங்கிள்ல வைஃபை, பிரிண்டர் அதுலேர்ந்துதான் மத்த மெஷினுக்கெல்லாம் ஷேர் ஆகுது. மே மாச மழைக்கு கரண்ட் போய்ப் போய் வரும், வந்ததும் மெஷின் தானா ஆன் ஆகுற மாதிரி பயாஸ்ல செட் பண்ணிருக்கு, ஆனா லாகின் ஸ்கிரீன்லயே நிக்கும், வைஃபை வராது, காலையில கடை தொறக்குற பையனுக்கு பாஸ்வேர்டு தெரியாது. "டேய், பிரிண்டரே காட்டலங்கிறான்டா, கஸ்டமர் நிக்கிறாங்களாம்"னு சித்தப்பா எனக்கு போன் பண்ணுவாரு.

சிஸ்டம் லாக் காட்டுற ஜர்னல்சிடிஎல் கமாண்டுல, வைஃபை கனெக்ட் பண்ற நெட்வொர்க் மேனேஜரோட அந்த பூட் லாக மட்டும் எடுத்துப் பாத்தா அதுல "நோ ஏஜென்ட்ஸ் வேர் அவைலபிள்"னு ஒரு வரி இருந்துச்சு. விஷயமே அதுதான். நெட்வொர்க் மேனேஜர் ரூட், அதாவது அட்மின் உரிமையில ஓடுற சர்வீஸ், யாரும் லாகின் பண்றதுக்கு முன்னாடியே ஓட ஆரம்பிச்சிடும், ஆனா வைஃபை பாஸ்வேர்டு அந்த யூசரோட கீரிங்குக்குள்ள (பாஸ்வேர்டெல்லாம் பூட்டி வைக்கிற பெட்டி மாதிரி) பூட்டிக் கெடக்கு, லாகின் பாஸ்வேர்டு அடிச்சாதான் கீரிங் தொறக்கும், தொறந்து எடுத்துக் குடுக்குறதுக்கு யூசரோட செஷன்ல ஏஜென்ட்னு ஒரு சின்ன புரோகிராம் ஓடணும். ஆட்டோ லாகின் போட்டா சரியாயிடும்னு சிலர் சொல்லுவாங்க, ஆகாது, பாஸ்வேர்டே அடிக்கலையே, கீரிங் எப்படித் தொறக்கும், அதுக்கு தனியா ஒரு பாப்அப் வந்து நிக்கும்.

கனெக்‌ஷன் எடிட்டர (nm-connection-editor) தொறந்து ஜெனரல் டேப்ல எல்லா யூசரும் கனெக்ட் பண்ணலாம்ங்கிறதுக்கு டிக் போடுங்க, அப்புறம் வைஃபை செக்யூரிட்டி டேப்ல பாஸ்வேர்டு பாக்ஸோட ஓரத்துல சின்ன ஐகான் ஒண்ணு இருக்கும், அத அமுக்கி பாஸ்வேர்ட எல்லா யூசருக்கும் சேவ் பண்ற ஆப்ஷன எடுங்க. இந்த ஐகான்தான் நெறைய பேர் கண்ணுல படாது, டிக் மட்டும் போட்டுட்டு பாஸ்வேர்டு இன்னும் கீரிங்லயே இருந்தா பிரச்சன அப்படியேதான் இருக்கும்.

இப்போ பாஸ்வேர்டு சிஸ்டம் செட்டிங்ஸ் இருக்குற ஈடிசி (/etc) ஃபோல்டருக்குள்ள ஒரு ஃபைல்ல என்கிரிப்ட் ஆகாமதான் இருக்கும், ரூட் மட்டும்தான் படிக்க முடியும். கடை வைஃபைக்கு இது போதும்ங்க. ஆனா ஆபீஸ்ல உங்க சொந்த யூசர்நேம் பாஸ்வேர்டு போட்டு கனெக்ட் பண்ற வைஃபைன்னா தயவுசெஞ்சு இத பண்ணாதீங்க, டிஸ்க் என்கிரிப்ஷன் இல்லாத லேப்டாப் யார் கையிலயாவது மாட்டுனா டிஸ்க்க கழட்டிப் படிச்சிடலாம்.

லாகின் பண்ணியும் வரலன்னா அது வேற கேஸ். ஆர்எஃப்கில் லிஸ்ட் (rfkill list) கமாண்டு குடுத்து வைஃபை பிளாக் ஆகியிருக்கான்னு பாருங்க, அப்புறம் கெர்னல் மெசேஜ் காட்டுற டிமெஸ்க் (dmesg) கமாண்டுல ஃபர்ம்வேர் லோடு ஆகலன்னு எதாவது வருதான்னு பாருங்க. டெபியன்ங்கிற லினக்ஸ்ல 2023ல வந்த 12ஆவது வெர்ஷன்லேர்ந்து இன்ஸ்டாலர்லயே நான்-ஃப்ரீ (ஓப்பன் சோர்ஸ் இல்லாத) ஃபர்ம்வேர் சேத்துட்டாங்க, அதுக்கு முந்தின வெர்ஷன்னா அத தனியாதான் போடணும்.